பைதான் 2-இல் நின்றுவிட்ட நிரலை என்ன செய்வது: நான்கு வழிகளின் ஒப்பீடு

பைதான் என்ற நிரல்மொழியின் இரண்டாம் பதிப்பு வரிசையான பைதான் 2-க்கான அதிகாரப்பூர்வ ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. அந்த வரிசையின் கடைசி வெளியீடான 2.7.18 அதே ஆண்டு ஏப்ரல் 20 அன்று வந்தது. அதற்குப் பிறகு தெரியவரும் எந்தப் பாதுகாப்புக் குறையையும் பைதான் குழு அந்த வரிசையில் திருத்தித் தருவதில்லை. இருந்தும் கணக்கு வழக்கு, கையிருப்பு, மாணவர் சேர்க்கை, ஆய்வகக் கருவிகளின் அளவீடு என்று அன்றாட வேலைகளைச் செய்துவரும் எத்தனையோ நிரல்கள் இன்னும் 2.7-இலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பராமரிப்பவர்கள் இருந்தது இருந்தபடியே விடலாம், ஒரே மூச்சில் பைதான் 3-க்கு மாற்றலாம், இரண்டு பதிப்பிலும் ஓடும்படி திருத்திப் படிப்படியாகக் கடக்கலாம், அல்லது எல்லாவற்றையும் புதிதாக எழுதலாம். ஐந்தாவது வழி என்று எதைச் சொன்னாலும் அது இந்த நான்கின் கலவையாகவே இருக்கும்.

ஒப்பிடுவதற்கு வசதியாக ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். ஒரு நடுத்தர நிறுவனத்தின் பில்லிங், கையிருப்பு மென்பொருள்; ஐம்பதாயிரம் வரி அளவிலான நிரல்; பைதான் 2.7, வலைப் பயன்பாடுகளைக் கட்ட உதவும் ஜாங்கோ என்ற தொகுப்பின் 1.11 பதிப்பு; எழுதியவர்களில் பாதிப் பேர் வேலை மாறிவிட்டார்கள், கிளைக் கடைகள் நாள் முழுவதும் அதில் பில் போடுகின்றன, ஆகவே ஒரு நாள்கூட நிறுத்திவைக்க முடியாது. இப்படிப்பட்ட நிரலுக்கு வழி தேடும்போது எது விரைவில் முடியும் என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வியாக எழுகிறது. அதைவிட முக்கியமாக நான் கருதுவது வேறு. மொழி மாறும்போது சில விடைகள் சத்தமில்லாமல் மாறிப்போகும். அந்த மாற்றங்களை வாடிக்கையாளர் கண்ணில் படுவதற்கு முன்னால் நமக்குக் காட்டிக்கொடுக்கும் வழி எதுவோ, அதுவே நல்ல வழி. வேகம், செலவு, நிரலின் அழகு எல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பைதான் 3.0 2008 டிசம்பர் 3 அன்று வெளியானது. பழைய நிரல்கள் அப்படியே ஓடாது என்பது தெரிந்தே, மொழியில் சேர்ந்துவிட்ட பழைய பிழைகளைக் களைவதற்காக எடுக்கப்பட்ட முடிவு அது. 2.7 2010 ஜூலையில் வந்தது. அதற்குப் பின் 2.8 வராது என்று அறிவிக்கவே பெப் 404 என்று பைதானின் முன்மொழிவு வரிசையில் ஓர் ஆவணம் எழுதப்பட்டது. 2.7-இன் ஆதரவு முதலில் 2015-உடன் முடிவதாக இருந்தது. 2014-இல் அது 2020 வரை நீட்டிக்கப்பட்டது. அந்த நீட்டிப்பைக் கடைசி வாய்ப்பாகப் பயன்படுத்திக்கொண்டவர்களும் உண்டு. இன்னும் நாளிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, 2020 கடந்த பிறகும் அதே இடத்தில் நிற்பவர்களும் உண்டு.

இனி மாற்றங்களின் தன்மை. ஒப்பீடு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பைதான் 2-க்கும் 3-க்கும் இடையிலான வேறுபாடுகளில் ஒரு வகை உரத்துக் கத்தும். 'பிரிண்ட்' இனி ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்), அதற்கு அடைப்புக்குறி வேண்டும். பிழையைப் பிடிக்கும் வரியில் காற்புள்ளி போட்டு எழுதுவது செல்லாது. எட்டின் அடிமானத்தில் அமைந்த எண்ணை வெறும் பூஜ்யத்தில் தொடங்கி எழுத முடியாது. இவற்றில் ஒன்றைத் திருத்தாமல் விட்டாலும் அந்தக் கோப்பு இறக்குமதியே ஆகாது, அதாவது ஓடத் தொடங்கவே முடியாது. எண்ணிக்கையில் இவை ஆயிரக்கணக்கில் இருக்கலாம், ஆனால் ஒரு கருவியோ பொறுமையுள்ள ஓர் இளம் நிரலரோ இவற்றைச் சில நாட்களில் முடித்துவிட முடியும்.

இன்னொரு வகை கத்தாது. பைதான் 2-இல் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3. பைதான் 3-இல் 3.5. முழு எண் ஈவு வேண்டுமென்றால் இரட்டைச் சாய்வுக் கோடு (//) போட வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த மாற்றம், ஆகவே பலரும் தேடித் திருத்திவிடுகிறார்கள். எண்ணை முழுமையாக்கும் ரவுண்ட் செயற்கூற்றை மறந்துவிடுகிறார்கள். பைதான் 2-இல் 2.5-ஐ முழுமையாக்கினால் 3. பைதான் 3-இல் அது 2. சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுசெல்வது புதிய விதி. ஒரு பில்லில் இதன் விளைவைப் பாருங்கள்: 112 ரூபாய் 50 காசு என்ற தொகை பழைய நிரலில் 113 ஆகும், புதியதில் 112 ஆகும்; ஆனால் 113 ரூபாய் 50 காசு இரண்டிலுமே 114. ஆக, சரிபாதியில் முடியும் பில்களில் சிலவற்றில் மட்டும் ஒரு ரூபாய் குறையும், மற்றவற்றில் எதுவும் மாறாது. சோதித்துப் பார்ப்பவர் கையில் எடுத்த பில் 113.50 ஆக இருந்தால் எல்லாம் சரியென்று கையெழுத்துப் போட்டுவிடுவார். மாதக் கடைசியில் கணக்காளர்தான் பொருந்தாத தொகையோடு வந்து நிற்பார்.

எழுத்துகளைக் கையாளும் முறையில் ஏற்பட்ட மாற்றம் இதைவிட ஆழமானது. பைதான் 2-இன் சாதாரணச் சரம் பைட்டுகளின் வரிசை. பைதான் 3-இன் சரம் யூனிகோட் குறிகளின் வரிசை. 'தமிழ்' என்ற சொல்லை நாம் மூன்றெழுத்து என்று எண்ணுகிறோம். யூனிகோட் கணக்கில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறிகள். அந்தக் குறிகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அது 15 பைட். நீளம் எவ்வளவு என்று கேட்டால் பைதான் 2-இன் சாதாரணச் சரம் 15 என்கிறது, பைதான் 3-இன் சரம் 5 என்கிறது. வாடிக்கையாளர் பெயரை 40-க்குள் வெட்டி ரசீதில் அச்சிடும் ஒரு வரி பழைய நிரலில் இருந்தால், நீண்ட தமிழ்ப் பெயரில் 13 குறிகள் முழுதாகவும் பதினான்காவதன் முதல் பைட் மட்டும் தனியாகவும் மிஞ்சி, கடைசியில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் அச்சாகும். அதைச் சமாளிக்க முன்பு யாரோ எழுதிவைத்த இன்னொரு வரி புதிய பதிப்பில் தேவையற்றதாகி வேறு இடத்தில் குழப்பும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் இவற்றில் எதுவுமே தெரியாது, ஏனென்றால் அங்கே ஓர் எழுத்து ஒரு பைட்தான்.

பைட்டுகளாக வந்த ஒரு பெயரை 'எஸ்டிஆர்' என்ற செயற்கூற்றைக் கொண்டு சரமாக்க முயன்றால் பைதான் 3 பிழை எதுவும் காட்டாது. முன்னால் 'பி' என்ற எழுத்தையும் இருபுறமும் மேற்கோளையும் சேர்த்து, தமிழ் எழுத்துகளைப் பின்சாய்வுக் கோடுகளும் பதினாறு நிலை எண்களுமாக விரித்து, அதையே பெயர் என்று தந்துவிடும். அது தரவுத்தளத்தில் சேமிக்கப்பட்டுவிட்டால் நிரலைத் திருத்துவதோடு வேலை முடியாது, தரவையும் துப்புரவு செய்ய வேண்டும். பைட்டையும் சரத்தையும் ஒப்பிட்டால் விடை எப்போதும் 'வேறு' என்றே வரும், அதுவும் எச்சரிக்கை இல்லாமல். 'மேப்', 'ஃபில்டர்' ஆகியவை முன்பு லிஸ்ட்டைத் தந்தன; இப்போது ஒருமுறை மட்டுமே நடந்து தீரும் வரிசையைத் தருகின்றன. ஆகவே அதே விளைவை இரண்டாம் முறை சுற்றிவந்தால் காலியாக இருக்கும், கூட்டுத்தொகை பூஜ்யம் என்று வரும், பிழைச் செய்தி வராது.

இந்த இரண்டாம் வகையை மனத்தில் வைத்துக்கொண்டு நான்கு வழிகளையும் பார்க்கலாம்.

இருந்தபடியே விடுவது சோம்பேறித்தனம் என்று சொல்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடில்லை. வெளி இணைப்பு எதுவும் இல்லாமல் ஆய்வகத்தில் ஒரே ஒரு கருவியை இயக்கும் நிரல், இன்னும் ஓராண்டில் மூடப்படவிருக்கும் ஒரு சேவை, பழைய ஆய்வு முடிவுகளை அதே எண்களோடு மீண்டும் எடுப்பதற்காகப் பாதுகாக்கப்படும் கணிப்பு நிரல் ஆகியவற்றைத் தொடாமல் விடுவதே அறிவுடைமை. அவற்றை ஒரு கன்டெய்னருக்குள் (மற்ற மென்பொருள்களிலிருந்து பிரித்துவைத்த சூழலுக்குள்) அடைத்து, தேவையான எல்லா லைப்ரரிகளின் (ஆயத்த நிரல் தொகுப்புகளின்) பிரதிகளையும் உள்ளேயே வைத்துப் பூட்டிவிடலாம். பைதான் நிரலை இயக்கும் மாற்று மென்பொருளான பைபை இன்றும் 2.7-க்கு இணையான ஓர் இயக்கியைத் தருகிறது. அதன் சொந்தக் கட்டுமானமே பைதான் 2-ஐச் சார்ந்திருப்பதால் அது உடனே மறைந்துவிடாது.

ஆனால் நாம் எடுத்துக்கொண்ட பில்லிங் மென்பொருள் வலையில் திறந்திருப்பது. அதன் காலடியில் தரை ஒவ்வொரு பலகையாகக் கழன்றுவிட்டது. ஜாங்கோ 1.11-இன் ஆதரவு 2020 ஏப்ரலில் முடிந்தது. பைதான் லைப்ரரிகளை நிறுவும் 'பிப்' 2021 ஜனவரியில் வந்த 21.0 பதிப்பிலேயே பைதான் 2-ஐக் கைவிட்டது. ஆப்பிள் 2022-இல் மேக்ஓஎஸ் 12.3-உடன் 2.7-ஐ நீக்கியது. 2023-இல் வந்த லினக்ஸ் வகையான டெபியன் 12-இல் பைதான் 2.7 தொகுப்பே இல்லை. பாதுகாப்பான இணையத் தொடர்புக்கு 2.7 சார்ந்திருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-இன் பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்தது. பைதான் 2.7-க்கு ரெட்ஹாட் நிறுவனம் தன் லினக்ஸின் எட்டாம் பதிப்பில் அளித்துவந்த ஆதரவும் 2024 ஜூனில் நின்றது. இவற்றில் எது ஒன்றும் தனியாக நிரலை நிறுத்திவிடாது. ஆனால் சர்வர் ஒருநாள் பழுதாகிப் புதிய இயந்திரத்தில் எல்லாவற்றையும் மீண்டும் நிறுவ வேண்டி வரும்போது, பதினைந்து நிமிட வேலையாக இருந்தது வாரக்கணக்கில் இழுக்கும், அதுவும் கிளைகள் பில் போட முடியாமல் காத்திருக்கும் வேளையில்.

மின்னூல்களைக் கையாளும் 'காலிபர்' மென்பொருளின் கதை இங்கே பொருந்தும். அதை உருவாக்கிய கோவிட் கோயல், பைதான் 2-ஐத் தாமே பராமரித்துக்கொள்ள முடியும் என்று ஒரு கட்டத்தில் சொன்னவர். அதைச் செய்யக்கூடிய திறனும் அவருக்கு உண்டு. ஆயினும் 2020 செப்டம்பரில் வந்த காலிபர் 5.0 பைதான் 3-க்கு மாறியது; மாறாத பல செருகுநிரல்கள் அன்று வேலை செய்யாமல் போயின. ஒரு மொழியின் பழைய பதிப்பைத் தனியாளாகக் காப்பாற்றுவது இயலக்கூடியதாகவே இருந்தாலும், சுற்றியிருக்கும் லைப்ரரிகள் அனைத்தையும் சேர்த்துக் காப்பாற்றுவது எவராலும் ஆகாது. இருக்குமிடத்திலேயே இருப்பதன் உண்மையான விலை அதுதான்.

ஒரே மூச்சில் மாற்றுவது இரண்டாவது வழி. ஒரு தேதியைக் குறித்து, புதிய வசதிகளைச் சேர்ப்பதை நிறுத்தி, கருவியை ஓட்டி, திருத்தி, பைதான் 3-இல் மட்டும் ஓடும் நிரலோடு மறுபக்கம் வருவது. இதற்காகவே பைதானோடு சேர்ந்து வந்த '2டு3' என்ற கருவி உரத்த வகைத் திருத்தங்களை நன்றாகவே செய்யும். சில மௌன வகைகளையும் கவனிக்கும், எடுத்துக்காட்டாக 'மேப்' விளைவைத் தேவையான இடங்களில் லிஸ்ட்டாகச் சுற்றித் தரும். வகுத்தலை அது தொடாது. ரவுண்டையும் தொடாது. ஒரு மாறியில் வருவது பைட்டா எழுத்தா என்று அதற்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் அந்தத் தகவல் நிரலில் இல்லை. ஓடும்போது வரும் தரவில் இருக்கிறது. இன்று நிரல் எழுத உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் இதே எல்லை உண்டு: இலக்கணத் திருத்தங்களை அவை '2டு3'-ஐவிட நயமாகச் செய்கின்றன, ஆனால் கிளைக் கடையின் பழைய பார்கோடு கருவி எந்தக் குறிமுறையில் பைட்டுகளை அனுப்புகிறது என்பதை அவற்றால் ஊகிக்கத்தான் முடியும். இன்னொரு நடைமுறைச் செய்தியும் உண்டு. 2024 அக்டோபரில் வந்த பைதான் 3.13-இலிருந்து '2டு3' நீக்கப்பட்டுவிட்டது. அதை ஓட்டுவதற்கென்றே 3.12 அல்லது அதற்கு முந்தைய பதிப்பு ஒன்றை நிறுவிக்கொள்ள வேண்டும்.

சில ஆயிரம் வரிகளுக்குள், ஒருவரோ இருவரோ முழுவதையும் தலையில் வைத்திருக்கக்கூடிய நிரலுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்வேன். வேலை விரைவில் முடியும், இடைக்கால ஒட்டுகள் எதுவும் மிஞ்சாது, படிப்பவருக்கும் நிரல் தெளிவாக இருக்கும். ஐம்பதாயிரம் வரிக்கு இதே வழியை எடுத்தால் இரண்டு தொல்லைகள் சேர்ந்து வரும். மாற்றும் வேலை நிரலின் தனிப் பிரதியான ஒரு கிளையில் மாதக்கணக்கில் நடக்கும்போது, ஜிஎஸ்டி விகிதம் மாறியது, புதிய கடை திறந்தது என்று நிரலின் முதன்மைக் கிளையிலும் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும். இரண்டையும் இணைப்பதே தனி வேலையாகிவிடும். அடுத்தது, மாறிய நாளில் ஒரு விடை தவறாக வந்தால் காரணம் மொழியா, புதிய ஜாங்கோவா, புதிய தரவுத்தள இணைப்பியா என்று பிரித்தறிய வழியில்லாமல் போகும். ஆகவே இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள்கூட ஒரு தாவலில் பைதான் 2.7, ஜாங்கோ 1.11-இலிருந்து நேராக இன்றைய பதிப்புகளுக்குப் போகாமல், ஜாங்கோவை 1.11-இலேயே வைத்துக்கொண்டு மொழியை மட்டும் முதலில் 3.6-க்கோ 3.7-க்கோ மாற்றுவது நல்லது.

மூன்றாவது, இரண்டிலும் ஓடும்படி எழுதிக்கொண்டே கடப்பது. பைதான் 3 வந்த தொடக்க ஆண்டுகளில் இது மிகவும் கடினமாக இருந்தது. யூனிகோட் சரத்துக்கு முன்னால் 'யு' போட்டு எழுதும் பழைய முறை 2012-இல் 3.3-இலும், பைட்டுகளில் சதவீதக் குறி கொண்டு மதிப்புகளைப் பொருத்தும் வசதி 2015-இல் 3.5-இலும் மீண்டும் சேர்க்கப்பட்ட பிறகுதான் ஒரே நிரலை இரண்டிலும் ஓட்டுவது எளிதானது. பெஞ்சமின் பீட்டர்சன் எழுதிய 'சிக்ஸ்' என்ற சிறிய லைப்ரரி இடைவெளிகளை நிரப்பியது. பெரிய நிரல்தொகுப்புகள் பெரும்பாலும் இந்தப் பாதையில்தான் வந்தன.

இன்ஸ்டாகிராம் இதைச் செய்த விதத்தை அதன் பொறியாளர்கள் லிசா குவோவும் ஹுய் டிங்கும் பைதான் நிரலர்களின் 2017 பைகான் மாநாட்டில் விளக்கினார்கள். தனிக் கிளை எதுவும் அவர்கள் தொடங்கவில்லை; எல்லாரும் வேலை செய்யும் முதன்மைக் கிளையிலேயே திருத்தங்களைச் சேர்த்து, சோதனைகளை இரண்டு பதிப்பிலும் ஓட்டி, முதலில் நிரலர்களின் இயந்திரங்களில், பிறகு ஊழியர்களுக்கு, பிறகு மிகச் சிறிய பங்கு பயனர்களுக்கு என்று விரித்து, ஏறத்தாழ பத்து மாதங்களில், 2017 பிப்ரவரியில் முழுவதும் பைதான் 3-க்கு வந்தார்கள். வழியில் அவர்கள் எதிர்கொண்ட சிக்கல்களில் ஒன்று நம் பில்லிங் மென்பொருளுக்கும் நேரடியாகப் பொருந்தும்: இரண்டு பதிப்பும் ஒரே நேரத்தில் ஓடும்போது, ஒன்று 'பிக்கிள்' செய்து (அதாவது பைதானின் தரவைப் பைட்டுகளாக மாற்றி) பொதுவான கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்ததை மற்றது படிக்க முடியாமல் போகிறது. கேஷின் பெயர்வெளியைப் பதிப்பு வாரியாகப் பிரித்துவிடுவதே அதற்கு மருந்து. வேலைகளை வரிசையில் வைத்துப் பின்னணியில் செய்யும் செலரி போன்ற அமைப்புகளின் பழைய பதிப்புகளும் செய்திகளை 'பிக்கிள்' முறையிலேயே அனுப்பின. அங்கேயும் முன்கூட்டியே ஜேசன் என்ற பொதுவான உரை வடிவத்துக்கு மாறிவிட வேண்டும். பைதான் 3-க்கு மாறிய பிறகு சர்வர்களில் சிபியு பயன்பாடு 12 சதவீதமும் செலரிப் பகுதியில் நினைவகப் பயன்பாடு 30 சதவீதமும் குறைந்ததாக இன்ஸ்டாகிராம் பொறியாளர்கள் சொன்னார்கள். அது அவர்களுடைய அளவிலான அமைப்புக்கு வந்த விடை, எல்லோருக்கும் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் மெர்க்யூரியல் இதே வழியில் மிகுந்த சிரமப்பட்டது. கோப்புகளின் பெயர்களையும் உள்ளடக்கத்தையும் பைட்டுகளாகவே காக்க வேண்டிய மென்பொருள் அது. பைதான் 3-இன் இயல்பான சரமோ யூனிகோட். ஆகவே நிரல் முழுவதிலும் உள்ள சரங்களைப் பைட்டுகள் என்று குறிக்க வேண்டியிருந்தது. ஒரு காலம்வரை, இறக்குமதியாகும் தருணத்திலேயே மூலநிரலைத் திருத்தி அந்தக் குறியைச் சேர்க்கும் ஓர் ஏற்பாட்டையே அவர்கள் வைத்திருந்தார்கள். ஒரு நிரலின் மையத்தில் இருப்பது எழுத்தா பைட்டா என்ற கேள்விதான், வரிகளின் எண்ணிக்கையைவிட, மாற்றத்தின் கடினத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த வழியின் பலம், தவறு வந்தால் அதே நாளில் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடலாம் என்பதும், ஒவ்வொரு மாற்றமும் சிறியதாக இருப்பதால் விடை மாறிய இடத்தை உடனே கண்டுபிடிக்கலாம் என்பதும். ஆனால் 2017-இல் இருந்த பாலத்தின் அகலம் இன்று இல்லை, இதைப் பலர் கவனிப்பதில்லை. அன்று முக்கிய லைப்ரரிகளில் பெரும்பாலானவை இரண்டு பதிப்பையும் ஆதரித்தன; இன்று அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆதரிப்பதில்லை. 2017 ஏப்ரலில் வந்த ஜாங்கோ 1.11 பைதான் 2.7-இலும் 3.4 முதல் 3.7 வரையிலும் ஓடும். அதற்கு அடுத்த 2.0 பைதான் 3-இல் மட்டுமே ஓடும். ஆகவே பாலத்தின் மறுகரை 3.7-இல் முடிந்துவிடுகிறது, அந்த 3.7-க்கும் இப்போது ஆதரவு கிடையாது. அங்கிருந்து ஜாங்கோ 2.2 வழியாக 3.9-க்கும், 3.2 வழியாக 3.10-க்கும், 4.2 வழியாக 3.12-க்கும், பிறகு 2025 ஏப்ரலில் வந்த 5.2-க்கும் ஏறவேண்டும். இந்த நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் ஒவ்வொன்றும் முந்தையதோடு பொதுவான பைதான் பதிப்பைக் கொண்டிருப்பதால், ஒவ்வொரு படியிலும் ஒன்றை மட்டும் மாற்றி, சோதித்து, உற்பத்திக்கு (அன்றாடம் பயன்படும் அமைப்புக்கு) அனுப்பிவிட்டு அடுத்த படிக்குப் போக முடிகிறது.

பாலத்தின் மேலேயே வீடு கட்டிவிடக் கூடாது. பைதான் 3-க்கு வந்த மறுவாரமே 'சிக்ஸ்' அழைப்புகளையும் எந்தப் பதிப்பு என்று பார்த்துப் பிரியும் வரிகளையும் நீக்கத் தொடங்க வேண்டும். விட்டுவைத்தால் பின்னால் கடிக்கும்: 'சிக்ஸ்'-இன் பழைய பிரதிகளைத் தமக்குள்ளேயே வைத்திருந்த பல தொகுப்புகள், 3.12-இல் பழைய இறக்குமதி ஏற்பாடு நீக்கப்பட்டதும் ஓடாமல் நின்றன.

நான்காவது வழியான புதிதாக எழுதுதலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஐம்பதாயிரம் வரிகளில் பாதி, யாரும் எங்கும் எழுதிவைக்காத விதிகள்: இந்த வாடிக்கையாளருக்கு மட்டும் மாதத்தின் கடைசி வாரத்தில் கடன் வரம்பு வேறு, அந்தக் கிளையில் திரும்பி வந்த சரக்குக்குத் தனிக் கணக்கு. எழுதியவர்கள் போய்விட்ட பிறகு அந்த விதிகளுக்கு இருக்கும் ஒரே ஆவணம் பழைய நிரல்தான். நெட்ஸ்கேப் தன் உலாவியை ஏறத்தாழ அடியிலிருந்து மீண்டும் கட்டியபோது, 1997-இல் வந்த நான்காம் பதிப்புக்குப் பின் அடுத்த பெரிய பதிப்பு 2000 நவம்பரில்தான் வந்தது. அதற்குள் சந்தை கைமாறிவிட்டிருந்தது. நிரல் செய்யும் வேலையில் பெரும்பகுதியை இன்று ஒரு தயார் மென்பொருள் செய்துவிடுமென்றால், அல்லது வணிகமே மாறிப் பழைய விதிகள் பொருளற்றுப் போயிருந்தால் மட்டும் இதை நினைக்கலாம். பைதான் 2 பழசாகிவிட்டது என்பது மட்டும் புதிதாக எழுதுவதற்குக் காரணமாகாது.

நாம் எடுத்துக்கொண்ட நிறுவனத்துக்கு என் பரிந்துரை மூன்றாவது வழி, ஆனால் இரண்டு பதிப்பிலும் ஓடும் இடைக்காலத்தை முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டு. அதில் முதல் வேலை நிரலைத் திருத்துவது கிடையாது. பைதான் 2.7-இல் இன்று ஓடும் நிலையிலேயே, கடந்த நிதியாண்டின் பில்கள் அனைத்தையும் மீண்டும் கணக்கிட்டு, ஒவ்வொரு பில்லின் தொகை, வரி, முழுமையாக்கிய வேறுபாடு, அச்சாகும் பெயர் ஆகியவற்றை ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். ஓராண்டுத் தரவு வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம், பண்டிகைத் தள்ளுபடி, மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, திரும்பிய சரக்கு எல்லாம் அதில் வந்துவிடும் என்பதே. பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் இரண்டு பதிப்பிலும் அதே கணக்கை ஓட்டிக் காசு வரை ஒப்பிட வேண்டும். 112.50 மேலே சொன்னபடி 112 ஆனால் அன்று மாலையே தெரிந்துவிடும். சோதனைகளே இல்லாத பழைய நிரலுக்குச் சோதனை எழுத நேரமில்லை என்று சொல்பவர்கள்கூட இந்த ஒரு கோப்பை உருவாக்கிக்கொள்ள முடியும், அதற்கு நிரலைப் புரிந்துகொள்ள வேண்டிய அவசியம்கூட இல்லை.

அதன்பின் பைதான் 2.7-இலேயே செய்யக்கூடியவற்றைச் செய்துவிடலாம். -3 என்ற தெரிவோடு ஓட்டினால் பைதான் 3-இல் செல்லாத பலவற்றை 2.7-ஏ எச்சரிக்கும், 'க்யூ வார்ன்' (-Qwarn) தெரிவு முழு எண் வகுத்தல் நிகழும் ஒவ்வொரு இடத்தையும் காட்டும். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் 'ஃபியூச்சர்' தொகுதியிலிருந்து வகுத்தலின் புதிய நடத்தையை இறக்கும் வரியைச் சேர்த்து, அந்தக் கோப்பைச் சரிபார்த்து, உற்பத்திக்கு அனுப்பிவிடலாம். மொழி மாறுவதற்கு முன்பே அந்த ஆபத்து தீர்ந்துவிடும். எழுத்தும் பைட்டும் பிரியும் எல்லையை நிரலின் விளிம்பில், அதாவது கோப்பு, பிணையம், கருவி ஆகியவற்றைத் தொடும் இடங்களில் வரைந்து, உள்ளே எங்கும் யூனிகோட் மட்டுமே இருக்கும்படி செய்ய வேண்டும். பைதான் 3 பக்கத்தில் சோதனைகளை இரண்டு 'பி' சேர்ந்த (-bb) தெரிவோடு ஓட்டினால், பைட்டைச் சரத்தோடு ஒப்பிடும் இடமும் பைட்டைச் சரமாக்கும் இடமும் பிழையாக வெளிவரும். மௌனமான இரண்டு தவறுகள் உரத்தவையாக மாறிவிடும். அதன் பிறகு ஒரே ஒரு கிளைக் கடையை முதலில் புதிய பதிப்புக்கு மாற்றி ஒரு மாதக் கணக்கு முடிப்பைக் கடந்துவிட்டு, மற்றவற்றை மாற்றலாம்.

நிலைமை வேறானால் பரிந்துரையும் வேறு. சோதனைகள் நன்றாக இருக்கும் சிறு நிரலுக்கு ஒரே மூச்சு போதும். எண் கணிப்புக்கான நம்பை (NumPy) போன்ற லைப்ரரிகளைச் சார்ந்திருக்கும் அறிவியல் கணிப்பு நிரலில் பைட் தொல்லை குறைவு, வகுத்தல் தொல்லை அதிகம்; அதற்கும் இரண்டாவது வழியே பொருந்தும், ஆனால் பழைய முடிவுகளோடு தசமத் துல்லியத்தில் ஒப்பிட்டாக வேண்டும். சி மொழியில் எழுதிய நீட்சிகள் இருந்தால் அவற்றைத் தனித் திட்டமாக எடுத்துக்கொண்டு முதலில் முடிக்க வேண்டும், ஏனென்றால் மற்றெல்லாம் அவற்றுக்காகக் காத்து நிற்கும்.

செலவுக்கு ஒப்புதல் தரும் நிர்வாகத்திடம் பேசும்போது, இது ஒருமுறைச் செலவு என்று சொல்லிவிடக் கூடாது. 3.9 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் பைதானின் புதிய பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆதரவு, 3.9-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது, 3.10-க்கானது 2026 அக்டோபரில் முடிகிறது. இந்தப் படிகள் 2-இலிருந்து 3-க்கு வந்ததைப் போல உயரமானவை அல்ல, ஆனால் ஒவ்வொன்றிலும் ஏதாவது நீக்கப்படுகிறது: 3.12-இல் தொகுப்புகளைக் கட்ட உதவிய 'டிஸ்ட்யூட்டில்ஸ்' போனது, 3.13-இல் 'சிஜிஐ' உட்படப் பல பழைய தொகுதிகள் போயின. ஆண்டுக்கு இரண்டு வாரங்களைப் பதிப்பு உயர்த்தலுக்கென்று திட்டத்திலேயே ஒதுக்கி, நீக்கப்படவிருப்பவை பற்றிய எச்சரிக்கைகளைச் சோதனை ஓட்டங்களில் பிழையாகவே நடத்தும்படி அமைத்து, மேலே சொன்ன பில் ஒப்பீட்டுக் கோப்பை ஒவ்வொரு நிதியாண்டு முடிவிலும் புதுப்பித்து வைத்துக்கொள்ள வேண்டும்.